முட்டைக்குப் போன கைலியன்

மியாவ் கைலியனை ஏமாற்ற ஒருவன் இனிமேல்தான் பிறந்து வரவேண்டும் என்று லியூவான் ஊரில் சொல்வார்கள். சொல்பவர்களில் முதல் ஆள் கைலியனேதான்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அவளுக்கும் புருஷன் தோங் மான்சாங்குக்கும் சீவல் நூடுல்ஸ் கடை. பிசைந்த மாவைப் பலகையில் வைத்து இடது தோளோடு அணைத்துக்கொண்டு, வளைந்த தகட்டுக் கத்தியால் அவள் சரக் சரக்கென்று சீவ, ஒவ்வொரு சீவலும் பறந்து போய்க் கொதிக்கிற அண்டாவில் விழும். சீவுவதும் பேசுவதும் அவள் வேலை. கரி அள்ளுவது, கிண்ணம் கழுவுவது, கல்லாவில் உட்காருவது எல்லாம் மான்சாங். அவர் வாயைத் திறந்தால் மழை வரும் என்று வாடிக்கைக்காரர்கள் சொல்வார்கள். எங்கள் பக்கம் மழை ரொம்பக் குறைவு.

கைலியனின் கீர்த்திக்குக் காரணம் முட்டை. அடிக்கடி வெளியூர் ஆட்கள் வேன் கட்டிக்கொண்டு வந்து பழைய சினிமாக் கொட்டகையை வாடகைக்குப் பிடிப்பார்கள். "பெரியவர்களுக்கு ஆரோக்கியச் சொற்பொழிவு! வந்தவர்க்கெல்லாம் முட்டை இலவசம்!" என்று ஒலிபெருக்கி அலறும். முட்டைக்கு ஆசைப்பட்டு உள்ளே போனால், டை கட்டிய பையன்கள் கையைப் பிடித்துவிடுவார்கள், முதுகைத் தட்டிக் கொடுப்பார்கள், கடைசியில் காந்த மெத்தை, கால் ஊறவைக்கும் தொட்டி, கண்ணுக்கு மாத்திரை என்று எதையாவது தலையில் கட்டிவிடுவார்கள். பேரனுக்குக் காட்டவே வெட்கப்பட்டுக் கட்டிலுக்கு அடியில் சாமானை ஒளித்து வைத்திருக்கிற பெரியவர்கள் எங்கள் ஊரில் தெருவுக்கு ஒருவர் உண்டு.

கைலியன் மட்டும் புழுவைத் தின்றுவிட்டுத் தூண்டிலைத் துப்புகிற மீன். வைக்கோல் போட்ட பையோடு போவாள். கதவோரம் உட்காருவாள். முட்டையை வாங்குவாள். விற்பனை தொடங்கியதும், "என் மருமகன் போலீசு, அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வர்றேன்" என்று எழுந்து வந்துவிடுவாள். அவளுக்கு மருமகனும் இல்லை, மகளும் இல்லை. பிள்ளையே இல்லாதவள். அதைத் தெரிந்துகொண்டுதான் ஷென் லெய் என்ற பையன் ஒருமுறை அவள் காலடியில் மண்டியிட்டு, "அம்மா! இன்னைலேருந்து நான் உங்க பிள்ளை!" என்று கண்ணீர் விட்டான்.

"எந்திரிடா மகனே," என்றாள் கைலியன். "அம்மாவுக்கு ரெண்டு முட்டை கூடப் போடு."

ஆச்சரியம் என்னவென்றால் அவன் போட்டான். அந்த முறை மட்டுமல்ல, அதற்குப் பிறகும் ஒவ்வொரு முறையும் அவள் பையில் மட்டும் இரண்டு முட்டை கூட விழும். "பாத்தியாய்யா, எமகாதகனையே மடக்கிட்டேன்," என்று அவள் மான்சாங்கிடம் பீற்றிக்கொள்வாள். அவர் பூண்டு உரித்துக்கொண்டிருப்பார்.

இந்தக் கெட்டிக்காரிக்குக் கண் போய்க்கொண்டிருந்தது.

வலது கண்ணில் முதலில் புகை. பிறகு கஞ்சி. பிறகு வெள்ளைச் சுவர். இடது கண்ணும் அதே வழியில் பாதி தூரம் போய்விட்டது. அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. இருமலை வைத்து ஆளைக் கண்டுபிடித்தாள். செருப்புச் சத்தத்தை வைத்து, "வா வா, நேத்து ஏன் வரலே?" என்றாள். கதவருகே தொங்கிய கோட்டைப் பார்த்து, "உக்காரு, இதோ ஆச்சு," என்று இரண்டு தரம் உபசாரம் செய்தாள். ஒரு லாரி டிரைவருக்கு நூடுல்ஸில் ஊற்றுகிற புளிக்காடிக்கு, அதாவது வினிகருக்கு, பதில் சோயா சாற்றை ஊற்றிவிட்டாள். எங்கள் பக்கத்தில் அது கல்யாணத்தையே ரத்து செய்யக்கூடிய குற்றம். அவளோ, "இது புதுப் பக்குவம், தின்னு பாரு," என்று சாதித்துவிட்டாள். சீவல் மட்டும் தப்பாமல் விழுந்தது, ஏனென்றால் அண்டா எங்கே கொதிக்கிறது என்று காது சொல்லிவிடும். காலையில் குடிக்கிற தினைக்கஞ்சி வேறு கொஞ்ச காலமாய் ஒரு மாதிரி கசந்தது. தினை வியாபாரி கலப்படம் செய்கிறான் என்று சந்தையில் அவனை நாறடித்துவிட்டு வேறு கடைக்கு மாறினாள். அந்தத் தினையும் கசந்தது. அவனையும் நாறடித்தாள்.

கண் தெரியவில்லை என்று ஒத்துக்கொண்டால் என்ன ஆகும்? கத்தியை மான்சாங் வாங்கிவிடுவார். முட்டைக் கொட்டகையில் பையன்கள் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்துப் பரிதாபப்படுவார்கள். யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் நீட்டி, இது அதுதான் என்று சொல்லலாம்.

அந்த இலையுதிர் காலத்தில்தான் கண் ரயில் வந்தது. எங்கோ இருக்கிற புண்ணியவான்கள் காசு போட்டு, ரயில் பெட்டிகளையே ஆஸ்பத்திரியாக்கி ஊர் ஊராய் அனுப்புகிறார்கள். எங்கள் ஸ்டேஷனில் சரக்கு ரயில் ஒதுங்குகிற தண்டவாளத்தில் அது வந்து நின்றது. "கண் பரிசோதனை இலவசம்! ஆபரேஷன் இலவசம்!" என்று ஒலிபெருக்கி கத்தியதும் கைலியன் வைக்கோல் பையைத் தேடி எடுத்தாள்.

பக்கத்துக் கடையில் செருப்பு விற்கும் யூஜெனும் கூட வந்தாள். யூஜெனுக்கு நேரே இருப்பது தெரியும், பக்கத்தில் இருப்பது தெரியாது. வழியில் ஒரு சைக்கிள், ஒரு கழுதை, ஒரு போலீஸ்காரர் மூன்றின் மீதும் மோதினாள்.

"அக்கா, ஆபரேஷனே இலவசம்னா முட்டை எத்தனை தருவான்?"

"கூடையோட தருவான். விலை கேக்குற நேரத்துல மட்டும் என் சட்டையைப் பிடிச்சுக்கோ, சேந்து எந்திரிச்சு வந்துரலாம்."

பிளாட்பாரத்தில் வரிசை வரிசையாய் ஊரே நின்றது. கண்ணில் சதை வளர்ந்த வாத்தியார், சர்க்கரை வியாதியால் எழுத்து கலங்குகிற கசாப்புக்காரர், கரித்தூசியில் கண் சிவந்தே பிறந்தவர் போலிருக்கிற சுரங்கத் தொழிலாளி. முதல் மேஜையில் ரத்த அழுத்தம் பார்த்தார்கள். "இதுக்கு எவ்வளவு?" என்றாள் கைலியன். ஒன்றுமில்லை என்றார்கள். இரண்டாவது மேஜையில் சர்க்கரை. அதற்கும் ஒன்றுமில்லை. சுவரில் எழுத்துப் பலகை தொங்கியது. சீப்பு போன்ற அந்த எழுத்தின் பல் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் கையைக் காட்ட வேண்டும். தனக்கு முன்னால் யூஜென் "மேலே, வலது, கீழே, கீழே, இடது" என்று சொன்னதைக் கைலியன் காதில் பிடித்து வைத்திருந்தாள். தன் முறை வந்ததும் தாளம் தப்பாமல் அதையே ஒப்பித்தாள். நர்ஸ் குச்சியை வைத்ததோ வேறு வரிசையில்.

"எல்லாமே தப்பு, பெரியம்மா."

"பலகையைத் தலைகீழா மாட்டிருக்கீங்க."

டாக்டர் லுவோ சின்ன வயசுக்காரி, தெற்கத்திக்காரி, எங்கள் காடி வாசனைக்கே மூக்கைப் பொத்துகிறவள். விளக்கை அடித்து இரண்டு கண்ணையும் பார்த்தாள்.

"பெரியம்மா, வலது கண்ணுல புரை முத்திப் பழுத்துப்போச்சு. எடுத்துட்டு உள்ளே ஒரு சின்னக் கண்ணாடி வில்லை வெச்சா தெரிய ஆரம்பிச்சுரும். ஆனா இப்பவே எடுக்கணும். இன்னும் தள்ளிப்போட்டா அது உள்ளுக்குள்ளயே கசிஞ்சு, கண்ணுல அழுத்தம் ஏறிடும். அப்புறம் யார் ஆபரேஷன் பண்ணாலும் பார்வை வராது. நாங்க இந்த மாசக் கடைசி வரைக்கும்தான் இங்க இருப்போம்."

"சரி. எவ்வளவு?"

"இலவசம்."

"வில்லை?"

"அதுவும் இலவசம்."

"அப்போ நீ எதைத்தாம்மா விக்கிறே?"

டாக்டர் விழித்தாள். கைலியனுக்கு மூளை பரபரவென்று ஓடியது. விலை சொல்கிறவனைச் சமாளிக்கலாம். விலையே சொல்லாதவனை எப்படிச் சமாளிப்பது? கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, பாதி வேலையில் கத்தியை நிறுத்தி, "இப்போ சொல்லு, எவ்வளவு தருவே?" என்று கேட்டால்? அடேயப்பா, இது முட்டைக்காரப் பையன்களுக்கெல்லாம் அப்பன்!

"முட்டை எங்கே?" என்றாள் கடைசியாக.

"என்ன முட்டை?"

அவ்வளவுதான். கைலியன் எழுந்தாள். கண்பாப்பாவை விரிக்கச் சொட்டு மருந்து விட்டிருந்ததால் இருந்த கொஞ்சப் பார்வையும் போய், பிளாட்பாரத்துத் தூணிடம் "வழியை விடுய்யா," என்று சண்டை பிடித்துவிட்டு வீடு வந்து சேர்ந்தாள். டாக்டரிடம் கைலியனை முன்னால் போகவிட்டிருந்த யூஜென், தனக்கும் சொட்டு விடுவார்களோ என்று பயந்து டாக்டரைப் பார்க்காமலே பின்னால் ஓடி வந்தாள்.

மறுநாள் முதல் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் நூடுல்ஸோடு உபதேசமும் பரிமாறப்பட்டது. "போகாதீங்க! முட்டைகூடத் தராதவன் எதைத் தருவான்? கண்ணைப் பிடுங்கிப் பட்டணத்துல விப்பான்!" ஏமாறாத கைலியனே சொல்லிவிட்டாள் என்றால் அப்பீல் ஏது? ஸ்டேஷனில் வரிசை தேய்ந்தது. வாத்தியார் திரும்பிப் போனார், கசாப்புக்காரர் திரும்பிப் போனார். ஆளே வராவிட்டால் ரயில் மாசக் கடைசிக்கு முன்பே அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடும் என்று பேச்சு அடிபட்டது. மான்சாங் அன்று கிண்ணம் ஒன்றைக் கை தவறிப் போட்டு உடைத்தார்.

பிறகு கல்யாண ஊர்வலம் வந்தது. கடை வாசலிலேயே மாப்பிள்ளை வீட்டார் சரவெடியைக் கொளுத்திவிட்டார்கள். உள்ளே ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்கவில்லை. அண்டாவில் ஓட்டை விழுந்திருந்ததால் மான்சாங் அன்று காலை அதை எடுத்துவிட்டு, வேறு அண்டாவை வலப்பக்கத்து அடுப்பில் ஏற்றியிருந்தார். சொல்லவும் செய்தார். கைலியன் அப்போது பேசிக்கொண்டிருந்தாள். வெடிச்சத்தத்தில் காது கைவிட, அவள் வழக்கமான இடத்தைப் பார்த்துச் சீவினாள், ஒரு பலகை மாவையும் ஒன்றுவிடாமல் சீவினாள்.

வெடி ஓய்ந்தது. கடையில் சத்தமே இல்லை. கொதிக்கிற ஓசை வலப்பக்கம் கேட்டது. காலடியில் யாரோ தவழ்கிற மாதிரி இருந்தது. குனிந்து தொட்டாள், மான்சாங்கின் தலை. அவர் தரையில் மண்டியிட்டு, சீவல்களை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"அண்டாவை மாத்தச் சொன்னது யாரு?" என்று அதட்டினாள். குரல் உடைந்தது.

"என் தப்புதான்," என்றார் மான்சாங்.

ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. இழவு வீட்டிலேயே சிரிக்கிற ஜனங்கள் நாங்கள். நாங்கள் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தால் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரியும் என்று அர்த்தம். கைலியன் பின்கட்டுக்குப் போய் மாவு மூட்டை மேல் உட்கார்ந்தாள். அவளுக்குப் பயமாக இருந்தது. ரொம்பப் பயமாக இருந்தது. இருட்டில் உட்கார்ந்து இன்னொருத்தர் ஊட்டுகிற நூடுல்ஸைத் தின்று எத்தனை வருஷம் ஓட்டுவது?

மறுநாள் காலையில் மான்சாங் தானாகவே பேசினார்.

"இந்தா கெழவி. ரயில்ல இப்போ முட்டை தர்றாங்களாம்."

"யாரு சொன்னா?"

"ஊரே சொல்லுது. பரிசோதனைக்கு இல்லியாம். ஆபரேஷனுக்குப் படுத்தாத்தானாம். கூடையோட."

"என் காதுல விழலியே?"

"நீ பேசிக்கிட்டிருந்திருப்பே."

கைலியன் கணக்குப் போட்டாள். படுக்க வேண்டியது. விலை சொன்னதும் எழுந்துவிட வேண்டியது. கூடையோடு வீட்டுக்கு வந்துவிட வேண்டியது. உண்மையைச் சொன்னால், போவதற்கு அவளுக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. முட்டையைவிட நல்ல சாக்கு எங்கே கிடைக்கும்? ஆனாலும் வாசலைத் தாண்டும்போது அவர் கையை அவள் இறுகப் பிடித்திருந்தாள். அவர் கையும் ஜில்லென்றுதான் இருந்தது.

பெட்டிக்குள் மருந்து வாசனை. பச்சைத் துணி போர்த்தினார்கள். மரத்துப்போக மருந்து விட்டார்கள். டாக்டர் லுவோ கிட்டே வந்து, செய்யப்போவதையெல்லாம் நிதானமாய்ச் சொல்லிவிட்டு, "ஆரம்பிக்கலாமா, பெரியம்மா? வேண்டாம்னா இப்பவே எந்திரிச்சுப் போயிடலாம்," என்றாள்.

"விலையைச் சொல்லு முதல்ல."

"விலை கிடையாது."

"யாராவது குடுத்துத்தானே ஆகணும்? யாரு குடுக்கிறா?"

"எனக்கே தெரியாது. எங்கயோ இருக்கிற யாரோ."

"என்னை அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

கைலியன் துணியின் ஓரத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள். "தெரியாதவளுக்கு எதுக்குடியம்மா குடுக்கணும்?" என்றாள். பிறகு மெல்ல, "எனக்குப் பயமா இருக்கு. ஏமாந்துருவேனோன்னுதான் இத்தனை நாளா பயம்னு நெனச்சேன். அது இல்லே. இருட்டுதான் பயம். செய்யி, தாயி," என்றாள்.

ஆனால் பழக்கம் விடுமா? படுத்தபடியே காதைத் தீட்டிக்கொண்டு விலைக்காகக் காத்திருந்தாள். ஏதோ கிர்ரென்றது. தண்ணீர் வழிந்தது. இப்போது கேட்பார்கள், இப்போது கேட்பார்கள் என்று மனசுக்குள் பேரத்தைத் தயார் செய்தாள். பாதி விலைக்குக் கேட்பது, அதிலும் பாதிக்கு இறங்குவது, மருமகன் போலீசு.

"எப்பதான் ஆரம்பிப்பீங்க?" என்று கடைசியில் பொறுமையிழந்து கத்தினாள்.

"முடிஞ்சு போச்சு, பெரியம்மா. கட்டுப் போட்டுக்கிட்டிருக்கேன்."

மறுநாள் கட்டை அவிழ்த்தார்கள். முதலில் வெளிச்சம் பளீரென்று அடித்தது. பிறகு டாக்டரின் முகம், மூக்கின் மேல் ஒரு பரு. "இந்தப் பருவுக்குப் பூண்டைத் தேய்ச்சு வை," என்றாள் கைலியன். நர்ஸ்கள் கைதட்டினார்கள். திரும்பினாள். நாற்காலியில் ஒரு வெள்ளைத் தலைக் கிழவர் குல்லாவைக் கையில் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

"யோவ்," என்றாள். "நீ எப்பய்யா கெழவனானே?"

"நீ பாக்காதப்போ," என்றார் மான்சாங்.

அப்புறம்தான் நர்ஸ் கூடையை நீட்டினாள். பெரிய பெரிய முட்டைகள், செம்பழுப்பு. இலவச முட்டை இந்தப் பருமனில் இருந்து கைலியன் கண்டதே இல்லை. கூடையைத் திருப்பினாள். விளிம்பில் கருகிய தழும்பு. அடுப்பருகே வைத்து அவளே சுட்டுக் கருக்கிய தழும்பு.

"இது நம்ம பூண்டுக் கூடைல்ல?"

மான்சாங் பெட்டியின் கூரையைப் பார்த்தார். நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள்.

"என்னை ஏமாத்தினியா?"

"ஆமா."

"எப்போலேருந்துய்யா இந்தப் பழக்கம்?"

அவர் கூடையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். பதில் வீட்டில் இருந்தது. புதுக் கண்ணைக் கொண்டு வீட்டை மூலை மூலையாய்த் துழாவிய கைலியன், கரிக் கொட்டகைக்கும் போனாள். அங்கே மூலையில் இருந்த அட்டைப் பெட்டிகளில் அவள் முழங்காலை எத்தனையோ தரம் இடித்துக்கொண்டிருக்கிறாள். கேட்டால், "குளிருக்கு வாங்கின கோஸ்," என்பார் மான்சாங். இப்போது பார்த்தாள். கோஸும் இல்லை, மண்ணும் இல்லை. பெட்டிக்குப் பெட்டி ஒரு பெரிய கண் படம், பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு அவள் வளர்ப்பு மகன் ஷென் லெய். "கண்ணொளி மாத்திரை. தினமும் உணவில் கலந்து கொடுக்கவும்." பாதிப் பெட்டிகள் காலி. மீதியின் அடியில் ஒரு காந்த மெத்தையும் கால் தொட்டியும் கிடந்தன.

கைலியன் ஒரு மாத்திரையை எடுத்து நக்கிப் பார்த்தாள். கஞ்சியின் கசப்பு.

அவள் சினிமாக் கொட்டகையின் முன்வாசல் வழியாக முட்டையோடு நடந்துவந்த ஒவ்வொரு முறையும், இந்த மனுஷன் பின்வாசல் வழியாகப் போயிருக்கிறார். இரண்டு முட்டை ஏன் கூட விழுந்தது என்று இப்போது புரிந்தது. ஊரிலேயே ஷென் லெய்க்கு நல்ல வாடிக்கை கைலியன் வீடுதான். வேறு யாருக்குப் போடுவான் கூடுதல் முட்டை!

மான்சாங் கொட்டகை வாசலில் நின்றார். திட்டு விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டிருந்தார்.

"உனக்குத் தெரியலேன்னு எனக்கு ஆரம்பத்துலயே தெரியும். கேட்டா ஒத்துக்க மாட்டே," என்றார். "ஏமாற மாட்டேன்னு உனக்குத்தான் பேரு. எனக்கு அப்படி ஒரு பேரும் இல்லியே. அதான் வாங்கினேன். ஒண்ணு கேக்கலேன்னா இன்னொண்ணு கேக்கும்னு."

கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தாள். அதனால் கைலியன் தலையை அண்ணாந்து, கொட்டகை ஓட்டைப் பார்த்துக்கொண்டே அவரைத் திட்டினாள். முட்டாள் கிழவா, மடக் கிழவா, இந்த ரப்பர் தொட்டியை எவனாவது வாங்குவானா என்று, திட்டு தீரும்வரை திட்டினாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் திட்டினாள்.

மறுநாள் கடையைத் திறக்கவில்லை. இரண்டு தினை வியாபாரிகளிடமும் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு, கூடை முட்டை முழுவதையும் தேயிலையும் சோயாவும் போட்டு வேகவைத்து, டாக்டர் கொடுத்த கறுப்புக் கண்ணாடியோடு கண் ரயில் வாசலில் போய் உட்கார்ந்தாள். யூஜென் ஒரு தள்ளுவண்டியில் மோதிக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

"அக்கா, நீங்கதானே போகாதேன்னு சொன்னீங்க?"

"சொன்னேன். என் வாயில மண்ணு. எனக்கு இப்போ உன் பல்லுல ஒட்டியிருக்கிற வெங்காயத்தாள் தெரியுது. உள்ளே போ."

"முட்டை தர்றாங்களா?"

"தர்றாங்க, தர்றாங்க. மொதல்ல கண்ணைக் காட்டிட்டு வா, அப்புறம் தருவாங்க."

யூஜெனுக்குக் கண்ணில் அழுத்த நோய். போன ஓரப் பார்வை இனி வராது, ஆனால் தினம் மருந்து விட்டால் இருக்கிறதைக் காப்பாற்றலாம் என்று டாக்டர் லுவோ சொட்டு மருந்தைக் கையில் கொடுத்து அனுப்பினாள். வெளியே வந்ததும் கைலியன் அவள் கையில் சூடாக ஒரு முட்டையை வைத்தாள். மத்தியானத்துக்குள் வாத்தியார் வந்தார், கசாப்புக்காரர் வந்தார், வரிசை மறுபடி பிளாட்பாரத்தின் கோடிவரை நீண்டது. ரயிலில் முட்டை தருகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு.

கூடை காலியானதும் கைலியன் திரும்பிப் பார்த்தாள்.

"யோவ், இன்னும் ஒரு கூடை வாங்கிட்டு வாய்யா. பெரிய முட்டையா பாத்து வாங்கு, இப்போ எனக்குத் தெரியும்."

மான்சாங் குல்லாவை மாட்டிக்கொண்டு சந்தைக்குக் கிளம்பினார்.